ரெவல்ஸ்டோக்கில் குடியிருந்து வீட்டிலிருந்தே வேலை: புதிதாக வரும் தமிழர்களுக்கு

டொரொன்டோவிலிருந்தும் சர்ரேயிலிருந்தும் அடிக்கடி யாராவது அழைத்துக் கேட்கிறார்கள்: "அண்ணா, எனக்கு இனி ஆபீஸ் போகத் தேவையில்லை. லேப்டாப் இருந்தால் போதும். குடும்பத்தோடு மலைக்கே வந்துவிடலாமா?" நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். நவம்பரில் வந்து பத்து நாள் தங்கிப் பாருங்கள்.

பெப்ரவரியில் வந்தால் இந்த ஊர் யாரையும் மயக்கிவிடும். ஜூலையிலும் அப்படித்தான். நவம்பரில் மழையும் ஈரப் பனியும் மாறி மாறிக் கொட்டும். பனிச்சறுக்கு மலைக்கு ஏற்றிச் செல்லும் லிஃப்ட் இன்னும் ஓடாது. சில உணவகங்கள் சீசனுக்காகக் காத்து மூடிக் கிடக்கும். பள்ளத்தாக்கின் மேல் மேகம் மூடி போட்டதுபோல் நாள்கணக்கில் நகராமல் நிற்கும். அந்தப் பத்து நாளில் உங்கள் வேலையும் ஓடி, வீட்டில் இருப்பவர்களின் முகமும் வாடாமல் இருந்தால் தைரியமாக வாருங்கள்.

ரெவல்ஸ்டோக் பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதியில், கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கும் ரயில் ஊர். சுமார் எட்டாயிரம் பேர் வாழ்கிறார்கள். இன்றைய பெரிய பனிச்சறுக்கு மலை 2007 டிசம்பரில்தான் திறந்தது. உச்சியிலிருந்து அடிவாரம் வரை 1,713 மீட்டர் இறக்கம், வட அமெரிக்காவிலேயே இதுதான் அதிகம். அருகிலுள்ள கோப்லண்ட் மலையில் 1971–72 குளிர்காலத்தில் 24 மீட்டருக்கும் மேல் பனி விழுந்தது கனடாவின் சாதனையாகவே இருக்கிறது. கோல்டன், ஃபெர்னி, ராஸ்லண்ட் போன்ற பனிச்சறுக்கு ஊர்களுக்குப் போகிறவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

வீடு

கஷ்டமான விஷயம் இதுதான். செப்டம்பர், அக்டோபரில் சீசன் வேலைக்கு வருபவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீடு தேடுவார்கள். நீங்கள் ஏப்ரல், மே மாதங்களில் தேடுங்கள். குத்தகை எந்த மாதம் முடிகிறது என்பதை முதலில் பாருங்கள். குளிர்காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதற்காக நவம்பரில் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர்களும் உண்டு. இந்த மாகாணத்தில் டெபாசிட் அரை மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பவே வேண்டாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். லிஃப்ட் இயக்குபவர், மருத்துவமனையில் வேலை செய்பவர், சமையல்காரர் என்று இந்த ஊரை நடத்துகிறவர்களுக்கே இங்கே வீடு கிடைப்பதில்லை. நகரத்துச் சம்பளத்தோடு வரும் நாம் கேட்ட வாடகைக்கு மேல் ஏற்றிக் கொடுத்து வீட்டைப் பிடித்தால், அவர்களில் ஒருவர் ஊரை விட்டே போக நேரிடலாம். அதைச் செய்யாதீர்கள். உள்ளூரில் வேலை செய்வோருக்கென்று ஒதுக்கிய வீடுகளின் பக்கமும் போக வேண்டாம்.

வீடு பார்க்கும்போது கூரையை நிமிர்ந்து பாருங்கள். கூரையில் சேரும் பனி ஒரு நாள் மொத்தமாகச் சரிந்து விழும். அது வாசல்படியில் விழுமா, கார் நிற்கும் இடத்தில் விழுமா? பனி அள்ளுவது யார் பொறுப்பு என்பது குத்தகையில் எழுத்தில் இருக்கட்டும். எதனால் சூடாக்குகிறார்கள் என்று கேட்டு, போன ஜனவரி மாதத்து பில்லைக் காட்டச் சொல்லுங்கள். கேஸ் ஹீட்டர் என்றால் அதன் புகைக்குழாய் வெளிச்சுவரில் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். பனி அதை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பும், அதற்கு வாசனை கிடையாது. அலாரம் இல்லாத வீட்டில் ஓர் இரவுகூடத் தூங்காதீர்கள்.

பேஸ்மென்ட் வீடுகள் வாடகை குறைவு என்று தூண்டும். நாள் முழுவதும் அங்கேயே வேலை செய்யப் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த ஊர் 51ஆம் அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்தான், அந்த எட்டு மணி நேரத்தையும் மலைகள் கொஞ்சம் கடித்துக்கொள்ளும். ஜன்னல் உள்ள, கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். சரக்கு ரயில்கள் ஊருக்குள்ளேயே போகும் என்பதால் சத்தத்தை வடிகட்டும் ஹெட்செட் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையமும் மின்சாரமும்

"ஊரில் நல்ல இன்டர்நெட் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். குத்தகையில் கையெழுத்துப் போடும் முன் அந்த வீட்டு விலாசத்தைக் கொடுத்து நிறுவனத்திடம் கேளுங்கள். ஊருக்குள் கேபிள் வரும். ஊரை விட்டுச் சில கிலோமீட்டர் தள்ளிப் போனாலே செயற்கைக்கோள் இணையம்தான் வழி என்று ஆகலாம்.

ஈரப் பனியின் பாரத்தில் மரங்கள் மின்கம்பியில் சாயும், மின்சாரம் போகும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, மோடத்துக்கு இல்லை. அதற்கு ஒரு சிறிய யுபிஎஸ் போதும். வீட்டு இணையம் ஒரு நிறுவனம் என்றால் கைப்பேசி வேறு நிறுவனமாக இருக்கட்டும். அப்போதுதான் ஒன்று போனால் மற்றொன்றின் ஹாட்ஸ்பாட்டில் மீட்டிங்கை முடிக்கலாம். இவற்றையெல்லாம் செய்துவிட்டு மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தடங்கல் நடந்த பிறகு விளக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

லேப்டாப்பைக் காரில் இரவு விடாதீர்கள். உறைகுளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் அதன் உள்ளே ஈரம் படியும். பைக்குள்ளேயே வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறவுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரியை உடனே சார்ஜ் செய்தாலும் அது கெடும்.

வேலை நேரம்

டொரொன்டோ நிறுவனம் என்றால் இந்த ஊர் உங்களுக்குத் தரும் பெரிய பரிசு நேர வித்தியாசம்தான். அங்கே காலை ஒன்பது மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே இன்னும் விடிந்திருக்காது. இருட்டில் வேலையைத் தொடங்கினால் லிஃப்ட் நிற்பதற்கு முன்பே முடித்துவிட்டு மலை ஏறலாம். இந்தியாவில் இருக்கும் குழுவோடு வேலை என்றால் நிலைமை தலைகீழ். பகல் முழுவதும் உங்களுடையது, மாலையும் இரவும் அவர்களுடையது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு அதைத் தாங்குமா என்று வரும் முன்பே யோசியுங்கள்.

புதுப் பனி நிறைய விழுந்த காலையை இங்கே பவுடர் டே என்பார்கள். ஊரே மலைக்குப் போய்விடும். உங்களுக்கும் போக ஆசை வரும், போங்கள். ஆனால் மேனேஜரிடம் வெளிப்படையாகக் கேட்டு அந்த மணி நேரத்தை வேறு நாளில் ஈடுகட்டுங்கள். நீங்கள் மலையில் வேலை பார்ப்பது அவர்களின் நம்பிக்கையில்தான் நடக்கிறது.

சாலை

இங்கே உங்கள் திட்டங்களை எல்லாம் தீர்மானிப்பது சாலைதான். ஊரின் கிழக்கும் மேற்கும் ட்ரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை ஒன்றே ஒன்று. கிழக்கே ரோஜர்ஸ் கணவாயில் 1910 மார்ச்சில் பனிச்சரிவு ஒன்று 58 ரயில் தொழிலாளர்களைப் புதைத்தது. இன்று கனடிய ராணுவம் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் மலைச்சரிவுகளைச் சுட்டு, பனி பெரிதாகச் சேரும் முன்பே அதை இறக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் சாலையை மூடுவார்கள். சில மணி நேரத்தில் திறக்கலாம், பெரும் பனி என்றால் நாட்களும் ஆகலாம்.

ஊரில் வழக்கமான விமான சேவை கிடையாது. கெலோனா விமான நிலையம் சுமார் 200 கிலோமீட்டர் தூரம். என் தம்பி கல்யாணத்துக்குக் காலையில் புறப்பட்டால் மாலை விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வழியில் சாலை மூடியது, விமானம் போயே போய்விட்டது. தாலி கட்டியதை வீடியோவில்தான் பார்த்தேன். குளிர்காலத்தில் விமானம் இருந்தால் முந்தைய நாளே போய் அங்கே தங்குங்கள். புறப்படும் முன் மாகாண அரசின் டிரைவ்பிசி தளத்தில் சாலை நிலவரம் பாருங்கள்.

அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை இந்த மலைச் சாலைகளில் வின்டர் டயர் கட்டாயம். டயரில் எம்+எஸ் (சேறு, பனி) என்ற குறி இருந்தாலே சட்டத்துக்குப் போதும். ஆனால் மலையும் பனித்துகளும் வரைந்த குறி உள்ள டயரையே வாங்குங்கள். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும், பிறகு பிரேக் போட்டாலும் கார் தள்ளிப் போய்த்தான் நிற்கும். காரில் போர்வை, தண்ணீர், சாப்பிட ஏதாவது, மண்வெட்டி, டார்ச் எப்போதும் இருக்கட்டும். வழியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

காகித வேலைகள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து நேராக வந்தால், மாகாண மருத்துவக் காப்பீடான எம்எஸ்பி வந்த மாதத்தின் மீதி நாட்களும் அடுத்த இரண்டு மாதங்களும் கழிந்தே தொடங்கும். அந்த இடைவெளிக்குத் தனியார் காப்பீடு எடுங்கள். ஒன்டாரியோவிலிருந்து வந்தால் அதுவரை பழைய அட்டை செல்லும். ஓட்டுநர் உரிமத்தை 90 நாட்களுக்குள், மாகாணத்தில் உரிமம் வழங்கும் நிறுவனமான ஐசிபிசியில் மாற்ற வேண்டும். இந்திய, இலங்கை உரிமங்களை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும்.

மாகாண வருமான வரி, டிசம்பர் 31 அன்று நீங்கள் எந்த மாகாணத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நிறுவனம் வேறு மாகாணக் கணக்கில் பிடித்திருந்தால் ஏப்ரலில் வித்தியாசம் தெரியும். வீட்டு அலுவலகச் செலவைக் கழிக்க, நிறுவனம் டி2200 படிவத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பார்வையாளர் விசாவில் வந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு மட்டும் வேலை செய்வதென்றால் ஆறு மாதம் வரை இருக்கலாம். உள்ளூர் வேலை எதையும் அந்த விசாவில் ஏற்க முடியாது.

அன்றாடம்

நமது மளிகைக்குக் கெலோனா அல்லது கம்லூப்ஸ் போக வேண்டும். மாதம் ஒரு முறை போய் வரும் பழக்கம் சரியாக வரும். பெரிய ஃப்ரீசர் வாங்குங்கள், கறிவேப்பிலையும் துருவிய தேங்காயும் அதில் நன்றாக நிற்கும். இட்லி மாவு புளிக்க ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு வைத்தால் போதும். குப்பையை முந்தைய இரவே வெளியே வைக்காதீர்கள். கரடிகள் வரும். மனிதர் உணவுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் சுட வேண்டி வரும்.

பிள்ளைகளோடு நீங்களும் முதல் குளிர்காலத்திலேயே பனிச்சறுக்கு வகுப்பில் சேருங்கள். சரிவு பயமாக இருந்தால் சமதளத்தில் போகும் கிராஸ்-கன்ட்ரியில் தொடங்கலாம். செலவும் குறைவு. ரிசார்ட் எல்லைக் கயிற்றுக்கு வெளியே மட்டும் நண்பர் அழைத்தார் என்பதற்காகப் போய்விடாதீர்கள். பனிச்சரிவு எச்சரிக்கையை வெளியிடும் அவலாஞ்ச் கனடாவின் தலைமையகம் இந்த ஊரிலேயே இருக்கிறது. ஆபத்தை ஐந்து படிகளில் தினமும் சொல்கிறார்கள். ஏஎஸ்டி 1 என்ற பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பு முடிக்காமல், புதைந்தவரைக் கண்டுபிடிக்கச் சமிக்ஞை அனுப்பிப் பெறும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேடும் நீள்கம்பி, மண்வெட்டி மூன்றும் இல்லாமல் அந்தப் பக்கம் கால் வைக்க வேண்டாம்.

அப்புறம், மனிதர்கள். வேலைக்கென்று எங்கும் போகாதவருக்கு இந்த ஊரில் யாரையும் சந்திக்கத் தானாக ஒரு காரணம் அமையாது. வாரம் ஒரு நாள் நூலகத்துக்கோ காபிக் கடைக்கோ போய் உட்காருங்கள். பனி அள்ளும் வண்டி போன பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறுகிய பனி வரப்பு ஒன்று நிற்கும். உங்கள் வாசலை அள்ளிய கையோடு பக்கத்து வீட்டு முதியவரின் வாசலையும் அள்ளிவிடுங்கள். எங்கள் தெருவில் இருப்பவர்களின் பெயர்களை எனக்கு அந்த மண்வெட்டிதான் தெரியவைத்தது. இப்போது நான் ஊரில் இல்லாத நாட்களில் என் வாசலில் பனி நிற்பதில்லை.