இருமொழி எம்.எஃப்.ஏ. படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

டெக்சஸின் மேற்குக் கோடியில் எல் பாசோ. ரியோ கிராண்டே ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் ஹுவாரெஸ், பாலத்தில் நடந்தே போய்விடலாம். எல் பாசோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்துக்கான எம்.எஃப்.ஏ. (மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற முதுகலைப் பட்டம்) ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் நடக்கிறது. ஒரே வகுப்பு, ஒரே மேசை. உங்கள் கதை ஆங்கிலத்தில், பக்கத்து நாற்காலிக்காரர் கதை ஸ்பானிஷில். (வளாகம் முழுக்கப் பூட்டான் பாணிக் கட்டடங்கள். 1914ல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் வந்த படங்களைப் பார்த்து டீனின் மனைவி சொன்ன யோசனையாம். பாலைவனத்தில் பூட்டான்! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.)

‘ஸ்பானிஷும் உண்டு’ என்று கண்ணில் பட்டதுமே எல்லாப் படிப்பும் இதே மாதிரிதான் என்று நினைத்துக்கொள்வது முதல் தவறு. அயோவா பல்கலைக்கழகத்தில் 1936 முதல் நடக்கும் புகழ்பெற்ற ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப் ஆங்கிலத்துக்கானது. அங்கேயே ஸ்பானிஷ் எம்.எஃப்.ஏ. ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது தனிப் படிப்பு, தனித் துறை, தனி விண்ணப்பம். நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானிஷ் எம்.எஃப்.ஏ. தனியாகத்தான் இருக்கிறது. 2024ல் புலிட்சர் பரிசு வாங்கிய மெக்சிகோ எழுத்தாளர் கிறிஸ்டினா ரிவேரா கார்சா ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது ஸ்பானிஷில் படைப்பெழுத்துக்கான பிஎச்.டி. இங்கெல்லாம் முழுக்க ஸ்பானிஷில்தான் மூழ்க வேண்டியிருக்கும். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்றால் அதற்கு எல் பாசோ. எது வேண்டும் என்று தெரியாமல் நான்கு இடத்துக்கும் ஒரே நோக்கக் கடிதத்தை அனுப்பினால், படிப்பவருக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

எல் பாசோவில் ஆன்லைன் எம்.எஃப்.ஏ.வும் உண்டு. ‘அதில் சேர்ந்து, அப்படியே விசா வாங்கி, அமெரிக்கா போய்விடலாம்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடக்காது. முழுக்க ஆன்லைன் படிப்புக்கு எஃப்-1 மாணவர் விசா கிடையாது. நேரில் படிக்கிற எஃப்-1 மாணவரே ஒரு பருவத்தில் ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பைத்தான் முழுநேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியும். இன்னொன்று, இந்தப் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வராது. படித்து முடித்தபின் அங்கேயே வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. அனுமதி 12 மாதம்தான், கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த உங்கள் அண்ணனுக்குக் கிடைத்த கூடுதல் 24 மாதம் உங்களுக்குக் கிடையாது.

எனக்குப் பெரிதாகப் படுகிற தவறு வேறு. எல்லோரும் ‘நான் எந்த மொழியில் எழுதுவது’ என்றே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், மற்ற மொழியில் எப்படிப் படிக்கப் போகிறோம் என்று யோசிப்பதே இல்லை. எழுதுவதை உங்களுக்குக் கைவந்த மொழியில் எழுதிவிடலாம். ஆனால் ஒர்க்‌ஷாப் என்பது பெரும்பாலும் அடுத்தவர் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்கிற வேலைதானே?

இப்படி ஒரு ஸ்பானிஷ் கதை மேசைக்கு வருகிறது என்று வையுங்கள். ஹுவாரெஸ்காரி ஒருத்தி, மருமகனிடம் இருபது பக்கமும் ‘உஸ்தெத்’ என்றே பேசுகிறாள், அதாவது ‘நீங்கள்’. இருபத்தோராம் பக்கத்தில், காபியை நீட்டும்போது, ‘தூ’ என்கிறாள். (துப்பவில்லை, அவர்கள் மொழியில் அது ‘நீ’.) கதையே அந்த ஒரு சொல்லில்தான் திரும்புகிறது. அவள் அவனை மன்னித்துவிட்டாளா, இல்லை இனி மரியாதை கிடையாது என்கிறாளா? முந்தைய இரவு கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டுப் படித்தவருக்கு இரண்டும் ஒரே ‘யூ’. அவர் வகுப்பில் கையைத் தூக்கி, ‘கடைசிப் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லையே’ என்பார். நீயும் நீங்களும் போட்டுப் பேசி வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும், ஆனால் அதற்கும் மூலத்தைப் படிக்க வேண்டும். சேருவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே வாரம் ஒரு சிறுகதையாவது அந்த மொழியில், அகராதியோடு படித்துப் பழகுங்கள். ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களில் கவனம்: ‘எம்பரஸாதா’ என்றால் வெட்கப்பட்டவள் இல்லை, கர்ப்பிணி. ‘எக்ஸிதோ’ என்றால் வெளியேறும் வழி இல்லை, வெற்றி.

எழுத்திலும் ஒரு வியாதி உண்டு. ஆங்கிலக் கதைக்குள் ஒரு ஸ்பானிஷ் சொல்லை வைத்துவிட்டு உடனே அதன் பொருளையும் ஒட்டுவது. ‘பென் அகா, கம் ஹியர்’ என்று அம்மா கூப்பிடுகிறாள். அடுப்படியில் நிற்கிற அம்மா எதற்கு உரை எழுத வேண்டும்? அவள் ‘பென் அகா’ என்று மட்டும் சொல்லட்டும், பையன் எழுந்து வரட்டும், வாசகருக்குப் புரிந்துவிடும். சாய்வெழுத்தும் வேண்டாம். தெற்கு டெக்சஸில் பிறந்த எழுத்தாளர் குளோரியா அன்சால்துவா 1987லேயே தன் புத்தகத்தில் இரண்டு மொழியையும் கலந்து, பல இடங்களில் மொழிபெயர்ப்புத் தராமலே எழுதியிருக்கிறார். இதற்கு எதிர்ப்பக்கத் தவறு, எல்லை ஊர் ஸ்பானிஷைத் ‘திருத்துவது’. லாரிக்கும் பிக்கப் வண்டிக்கும் அங்கே ‘ட்ரோகா’ என்கிறார்கள், ஆங்கில ‘டிரக்’ தேய்ந்து வந்த சொல். அதை அடித்துவிட்டு அகராதிச் சொல்லைப் போட்டால் அந்த டிரைவர் மாட்ரிட்காரர் ஆகிவிடுவார்.

பண விஷயம். படைப்பெழுத்துப் பட்டத்துக்காகக் கடன் வாங்காதீர்கள், அவ்வளவுதான். வகுப்பெடுக்கும் உதவித்தொகை உண்டா, கட்டணத்தில் எவ்வளவு கழியும், எத்தனை வருஷத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் போட்டி முறையில் 1,000 டாலர் ஸ்காலர்ஷிப்பாவது கிடைத்தால், வெளிநாட்டவருக்கும் உள்ளூர்க் கட்டணமே வாங்க விதியில் இடம் இருக்கிறது. தானாக யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். முந்திக்கொண்டு ‘சரி’ என்று கையெழுத்தும் போட வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட விதிப்படி, நிதி உதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் விண்ணப்பித்த இடம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடைசி வருஷம். உங்கள் ஆய்வேடு என்பது உங்கள் நாவலோ கவிதைத் தொகுப்போதான். அதைப் பல்கலைக்கழகத்தின் மின்களஞ்சியத்தில் ஏற்றுவார்கள், விட்டால் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி கிடக்கும். ஏற்கெனவே வலையில் கிடக்கும் நாவலைப் பதிப்பாளர் எடுக்கத் தயங்கலாம். சமர்ப்பிக்கும்போது ‘எம்பார்கோ’ என்று ஒரு தேர்வு இருக்கும், இத்தனை வருஷத்துக்கு வெளியே காட்டாதே என்று அர்த்தம். மூன்று வருஷம் உழைத்த களைப்பில், நள்ளிரவில், கெடு முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுவது ரொம்ப சுலபம். பகலிலேயே ஏற்றுங்கள்.