ரசப்பொடியின் மணம் குறையாமலிருக்க

ரசப்பொடிக்கு 1 கப் மல்லி விதை, கால் கப் துவரம்பருப்பு, கால் கப் மிளகு, 2 மேசைக்கரண்டி சீரகம், 10 காய்ந்த மிளகாய் போதும். இவற்றைச் சிறுதீயில் தனித்தனியே வறுக்க வேண்டும். ஒன்றாகக் கொட்டி வறுத்தால், பருப்பு சிவப்பதற்குள் சீரகம் கருகி, பொடி முழுவதும் கசந்துவிடும். சீரகத்தை நான் அடுப்பில் வறுப்பதே இல்லை. அடுப்பை அணைத்தபின் சூடான வாணலியில் போட்டுப் புரட்டினாலே அது பதமாகிவிடும். எல்லாம் நன்றாக ஆறிய பிறகு மிக்சியில் சற்றுக் கொரகொரப்பாக அரைத்து, தட்டில் பரப்பிச் சூடு தணித்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் அடைக்கவும். நான்கு பேருக்கான ரசத்தில், புளித்தண்ணீரின் பச்சை வாசனை போனபின் 2 தேக்கரண்டிப் பொடியைச் சேர்த்து, நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும்.