பழைய சீன உலோகப் புகைக்குழாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனாமல் (உலோகத்தின் மேல் சுட்டுப் பதிக்கும் வண்ணக் கண்ணாடிப் பூச்சு) பூவேலை செய்த பழைய சீன உலோகப் புகைக்குழாயைக் கண்டதும் அதை அபின் குழாய் என்று சொல்லிவிடுவதே பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. அபின் குழாய் பெரும்பாலும் நீண்ட மூங்கில் தண்டால் ஆனது; அதன் நடுப்பகுதியைத் தாண்டி ஒரு சுட்டமண் குமிழ் பொருத்தப்பட்டிருக்கும்; விளக்குச் சூட்டில் அபினை ஆவியாக்கி இழுப்பார்கள். சந்தையில் அதிகம் கிடைப்பதோ உள்ளங்கையில் அடங்கும் நீள்வட்டத் தண்ணீர்க் கலமும், நாரைக் கழுத்துபோல் வளைந்து உயரும் இழுகுழாயும் கொண்ட புகையிலைக் குழாய். சிட்டிகை புகையிலை வைக்கும் சிறு கிண்ணக் குழல் கலத்துக்குள் செருகப்பட்டிருக்கும். இரண்டொரு இழுப்பிலேயே புகையிலை எரிந்து தீர்ந்துவிடுவதால், அந்தக் குழலை உருவிச் சாம்பலை ஊதி வெளியேற்றிவிட்டு மறுபடியும் நிரப்புவார்கள். மூடியுள்ள புகையிலை அறை, சாமணம், சிறு தூரிகை ஆகியவையும் சேர்ந்ததே முழுப் பொருள். சாமணத்தையும் தூரிகையையும் உதிரி என்று நினைத்துத் தனியே எடுத்து வைத்துத் தொலைப்பவர்கள் உண்டு. அவை இல்லாத குழாயின் மதிப்பு வெகுவாகக் குறைகிறது.

வெள்ளை நிறத்தைப் பார்த்து வெள்ளி என்று நம்புவது அடுத்த தவறு. இக்குழாய்கள் பலவும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த பைத்தோங் என்னும் சீன வெள்ளைச் செம்பால் ஆனவை. 1820களில் ஜெர்மானியர்கள் இதைப் பார்த்தே ஜெர்மன் சில்வரைச் செய்தார்கள். காந்தம் வெள்ளியிலும் பைத்தோங்கிலும் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனையால் பயனில்லை. உரைகல்லில் தேய்ப்பது பொருளில் கீறல் விழச் செய்யும். எக்ஸ்ரே முறையில் உலோகத்தை அறியும் கருவியே தகுந்த வழி.

அடியில் உள்ள முத்திரையை மட்டும் நம்பிக் காலம் கணிப்பதும் கூடாது. சீனப் பேரரசர் சியன்லுங்கின் (ஆட்சி 1736–1795) பெயரைப் பிற்காலக் கைவினைஞர்களும் தாராளமாகப் பொறித்தார்கள். ரோமன் எழுத்தில் ‘சைனா’ என்று மட்டும் இருந்தால், அமெரிக்கா 1890இல் இயற்றிய சுங்கச் சட்டத்துக்குப் பின் ஏற்றுமதிக்குச் செய்தது என்று கருதலாம்.

ஆனால் எல்லாவற்றிலும் திருத்த முடியாத சேதத்தைச் செய்வது புளி போட்டுத் துலக்குவதுதான். நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் பழகிய அந்த முறை, எனாமல் பதித்த பொருளுக்குப் பொருந்தாது. எனாமலின் ஊசித் துளைகளிலும், பூவேலையின் கோடுகளாகப் பதித்த கம்பிக்கும் எனாமலுக்கும் இடையிலுள்ள இடுக்கிலும் புளியின் அமிலம் புகுந்து தங்கிவிடும். கழுவினாலும் முழுமையாக வெளியேறாது. புளியுடன் உப்பும் சேர்ந்தால், எஞ்சிய உப்பு ஈரக்காற்றில் செம்போடு வினைபுரிந்து, பொடியாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்பை மறுபடி மறுபடி உண்டாக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கும் பசைகள் செதுக்கு வேலையின் விளிம்பை மழுக்கிவிடும். விரல் பட்ட இடம் தேய்ந்து மென்மையாகியிருப்பதும், செதுக்கின் பள்ளத்தில் கருமை தங்கியிருப்பதும் பொருளின் வயதுக்குச் சாட்சி. அவற்றை அழித்துவிட்டுப் பிறகு வயதைக் கேட்பது வீண். மென்தூரிகையால் தூசி தட்டி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். தண்ணீரில் ஊற வைத்தால் பற்றுவைத்த மூட்டுகளுக்குள் ஈரம் இறங்கி அங்கேயே நின்றுவிடும்.

அழகாக இருக்கிறது என்று அதில் புகைத்துப் பார்ப்பது ஆபத்து. பழைய பற்றுவைப்பில் ஈயம் இருக்கலாம். கலத்தின் உள்ளே பழைய புகையிலைக் கசடும் ஒட்டியிருக்கும்.