மெஷ் ஆகவில்லையா? கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள்

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் இருக்கிற ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் (பொருள் விசையைத் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் பார்க்கும் கணக்கு) செய்து கொடுப்பது என் வேலை. அதற்காக மாடலை எலிமென்ட் என்கிற சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பதுதான் மெஷ். வேலூர், காட்பாடி காலேஜ்களில் படித்துவிட்டுப் புதிதாக வருகிற தம்பிகள் முதல் வாரத்திலேயே வந்து சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, மெஷ்ஷே ஆவலண்ணா." திறந்து பார்த்தால் போல்ட்டில் மரை முழுக்க வரைந்திருக்கும், நேம்பிளேட்டில் எழுத்து பொறித்திருக்கும், ஒவ்வொரு விளிம்பிலும் அரை மில்லிமீட்டர் சேம்ஃபர் (சரித்து வெட்டிய ஓரம்) இருக்கும். கேட் (CAD) மாடல் பொருளைச் செய்வதற்காக வரைந்தது, அதை அப்படியே கணக்குப் போடும் சால்வரிடம் கொடுத்தால் திணறத்தான் செய்யும், எளிமையாக்கியே ஆக வேண்டும். எதை எடுப்பது என்பதில்தான் தப்பு நடக்கிறது.

பெரும்பாலும் செய்வது இதுதான்: 5 மி.மீ.க்குக் குறைவான ஓட்டை, ரேடியஸ் (மூலையில் கொடுக்கிற வளைவு) எல்லாவற்றையும் மொத்தமாக செலக்ட் செய்து ஒரே டெலீட். சாஃப்ட்வேரிலேயே வசதி இருப்பதால் இரண்டு நிமிட வேலை. ஆனால் சின்னதாக இருப்பதாலேயே ஒன்று முக்கியமில்லாமல் போய்விடாது. விசை எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

தோல் பதனிடும் டிரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பட்டறைக்காக நாங்கள் பார்த்தது. தோலும் தண்ணீருமாக டன் கணக்கில் எடை, அத்தனையும் இரண்டு பக்கமும் நீண்டிருக்கிற ஷாஃப்ட் மேல். பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டின் விட்டம் குறையும், அந்தப் படியின் மூலையில் 2 மி.மீ. ரேடியஸ். ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த மூலை ஒரு தடவை இழுபடும், ஒரு தடவை அமுங்கும், விரிசல் ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். தம்பி அந்த ரேடியஸை எடுத்துவிட்டான். மெஷ் அழகாக வந்தது, ஸ்ட்ரெஸும் யீல்டுக்கு (உலோகம் திரும்பாதபடி வளைய ஆரம்பிக்கும் அளவு) கீழே. எலிமென்ட் அளவைப் பாதியாக்கச் சொன்னேன், ஸ்ட்ரெஸ் ஏறியது. மறுபடி பாதியாக்கினான், மறுபடி ஏறி யீல்டைத் தாண்டிவிட்டது. கூர்மையான உள்மூலையில் லீனியர் கணக்குப்படி (விசைக்கு நேர்விகிதமாகவே பொருள் நீளும் என்று எடுக்கும் கணக்கு) ஸ்ட்ரெஸ் முடிவிலிக்குப் போகும், மெஷ்ஷை நுணுக்க நுணுக்க ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதனால் முதலில் வந்த எண்ணையும் நம்ப முடியாது, கடைசியில் வந்ததையும் நம்ப முடியாது. ரேடியஸைத் திரும்ப வைத்து, அந்தக் கால்வட்டத்துக்கு மட்டும் ஐந்தாறு எலிமென்ட் கொடுத்து, மற்ற இடங்களைப் பெரிய எலிமென்ட்டிலேயே விட்டோம். எண் ஒரு இடத்தில் வந்து நின்றது.

ஓட்டைக்கும் இதே கதைதான். அகலமான தகட்டை இழுக்கும்போது வட்ட ஓட்டையின் ஓரத்தில் ஸ்ட்ரெஸ் 3 மடங்காகும் என்று கிர்ஷ் 1898-லேயே காட்டிவிட்டார், அந்த 3-க்கும் ஓட்டையின் விட்டத்துக்கும் சம்பந்தமில்லை. இழுவிசை போகிற இடத்தில் 4 மி.மீ. ஓட்டை இருந்தாலும் அது இருக்கட்டும். விசையே போகாத மூலையில் இருக்கிற 20 மி.மீ. ஓட்டையைத் தாராளமாக மூடலாம். எது எது என்று தெரியவில்லையா, முதலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு ரன் விடுங்கள், ஸ்ட்ரெஸ் ஏறி எங்கே சிவப்பாகத் தெரிகிறதோ அங்கே இருந்ததை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது தகடு வேலை. 2 மீட்டர் நீள டக்ட், 6 மி.மீ. தகடு, அதற்குப் போய் சாலிட் மெஷ் போட்டு எலிமென்ட்டைச் சிறிதாக்கிக்கொண்டே போவார்கள். எலிமென்ட் அளவைப் பாதியாக்கினால் எண்ணிக்கை 8 மடங்கு, கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ஷெல்லுக்கு மாறுங்கள், அதாவது தகட்டை வெறும் தளமாக வைத்து, தடிமனை எண்ணாகக் கொடுங்கள். ஆனால் மிட்-சர்ஃபேஸ் (தகட்டின் நடுத்தளம்) எடுக்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது: 10 மி.மீ. அடித்தகட்டின் மேல் செங்குத்தாக ஒரு தகடு வெல்ட் ஆகியிருந்தால், அடித்தகட்டின் நடுத்தளம் 5 மி.மீ. கீழே போய்விடும், இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். படத்தில் ஒட்டியிருப்பது போலத்தான் தெரியும், கணக்கில் ஒட்டியிருக்காது. நான் எப்போதும் முதலில் ஒரு மோடல் ரன் (மாடல் இயல்பாக எந்த ஃப்ரீக்வென்சியில் அதிரும் என்று பார்க்கும் கணக்கு) விடுவேன். முறையாகத் தாங்கி நிறுத்திய மாடலில் பூஜ்ஜியத்தை ஒட்டிய ஃப்ரீக்வென்சி வந்தால் ஏதோ ஒன்று கழன்று தொங்குகிறது என்று அர்த்தம்.

போல்ட் மரையைத் தயங்காமல் எடுங்கள், ஆனால் எம்16-க்கு 16 மி.மீ. உருளை வைத்தால் குறுக்குப் பரப்பு 201 சதுர மி.மீ. ஆகிவிடும். மரை உள்ள பகுதியில் இழுவிசைக்கு எடுக்க வேண்டியது 157. அப்புறம், மாடலிலிருந்து மோட்டாரை எடுத்தீர்கள் என்றால் அதன் எடையை ஈர்ப்பு மையத்தில் பாயிண்ட் மாஸாக வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் ஃப்ரீக்வென்சி தப்பாக வரும். சமச்சீர் என்று பாதி மாடல் போடுவது ஸ்டாட்டிக் கணக்குக்குச் சரி, லோடும் சமச்சீராக இருக்கும்வரை. மோடலுக்கும் பக்ளிங்குக்கும் (அமுக்கும்போது நெளிந்து மடங்குவது) அதையே செய்தால் எதிரெதிர்ப் பக்கம் அசைகிற வடிவங்கள் கணக்குக்கே வராது.

ஸ்டெப் ஃபைலாக (ஒரு கேட் சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ஃபைல்) மாற்றும்போது கீற்று மாதிரி முகங்களும் 0.02 மி.மீ. விளிம்புகளும் முளைக்கும், மெஷ் நிற்பது பல நேரம் அதனால்தான். அதை அக்கம்பக்க முகத்தோடு சேர்த்துவிட்டாலே போதும். முடிந்தவரை டெலீட் செய்யாமல் ஒரிஜினல் கேட் ஃபைலிலேயே தனி கான்ஃபிகரேஷன் போட்டு சப்ரஸ் (அழிக்காமல் அணைத்து வைப்பது) செய்யுங்கள். வேலையை முடிக்கும் முன் பழைய மாடலின் எடையையும் புதியதன் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எதையெல்லாம் எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே போடுங்கள், பட்டறைக்காரர் அதைப் பார்த்துவிட்டு "அந்த ஓட்டையிலதாங்க செயின் மாட்டித் தூக்குவோம்" என்று சொல்லக்கூடும்.