ஜிமெயில் நிரம்பியபோது

திருப்பூரில் எங்களுடையது சின்ன பனியன் யூனிட். ஒரு நாள் பையர் போன் செய்து, "மெயில் திரும்பி வருதே?" என்றார். இலவச 15 ஜிபி நிரம்பியிருந்தது. டிரைவ், போட்டோஸ் எல்லாமே அதே கணக்கில்தான். அழிக்கவும் முடியாது. ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பாதி பில் மெயிலில்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் மெயில் பார்க்கும் தண்டர்பேர்டு என்ற மென்பொருளை, சர்வரில் இருப்பதையே காட்டும் ஐமேப் முறையில் ஜிமெயிலுடன் இணைத்தேன். இங்கேதான் சொதப்பினேன். கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டதே என்று இன்பாக்ஸில் அழித்தால், சர்வரிலும் போய்விட்டது! நல்லவேளை, ஜிமெயில் குப்பையில் (Trash) 30 நாள் கிடக்கும், மீட்டேன். அப்புறம் ஆண்டுவாரியாக, கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழே நகலெடுத்தேன். நெட்டைத் துண்டித்து நான்கைந்தைத் திறந்து பார்த்து, தண்டர்பேர்டு மெயில்களைச் சேமிக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்ட பிறகே ஜிமெயிலில் அழித்தேன். குப்பையைக் காலி செய்த பிறகுதான் இடம் கிடைத்தது.