ஃபெடரல் நீதிபதி ஆக நினைக்கும் வக்கீல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலருக்கு ஃபெடரல், அதாவது மத்திய அரசின், நீதிபதி ஆக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் வழியை மட்டும் நம் ஊர்க் கணக்கில் போட்டுவிடுகிறார்கள்: ஒரு பரீட்சை எழுதினால் உள்ளே போகலாம், அப்புறம் சீனியாரிட்டிப்படி மேலே ஏறலாம் என்று. அங்கே பரீட்சையும் கிடையாது, சீனியாரிட்டியும் கிடையாது. ஜனாதிபதி ஒரு பெயரை முன்மொழிவார், செனட் ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் ஓய்வு வயதே இல்லாத ஆயுட்காலப் பதவி. வயது, படிப்பு, அனுபவம் பற்றி அரசியல் சாசனம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அதைப் பார்த்து, எதுவும் இல்லாமலே வந்துவிடலாம் என்று எண்ணிவிடவும் கூடாது.

பதவிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. அங்கே டிஸ்ட்ரிக்ட் கோர்ட் என்பது நம் மாவட்ட நீதிமன்றம் போன்றது அல்ல. அது மத்திய அரசின் விசாரணை நீதிமன்றம். நாடு முழுக்க 94 இருக்கின்றன. அவற்றுக்கு மேல் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் 9 பேர் கொண்ட உச்ச நீதிமன்றம். இந்த மூன்று படியிலும் உட்காருபவர்களுக்குத்தான் ஆயுட்காலப் பதவி. மாஜிஸ்ட்ரேட் நீதிபதிக்கு 8 ஆண்டு, திவால் வழக்கு நீதிபதிக்கு 14 ஆண்டு என்று தவணை உண்டு. குடியேற்ற நீதிபதியோ நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர். மாஜிஸ்ட்ரேட் பதவியைச் சின்னது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதற்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம், செனட் வரை போக வேண்டியதில்லை. அந்த நாற்காலியிலிருந்து டிஸ்ட்ரிக்ட் நீதிபதியாகப் போனவர்கள் நிறைய.

லா கிளார்க் என்றதும் நமக்கு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஞாபகம் வரும். ‘இவ்வளவு படித்துவிட்டுக் கிளார்க் வேலையா?’ என்று பெற்றோர் தடுப்பதும் அதனால்தான். தயவுசெய்து தடுக்காதீர்கள். சட்டப் படிப்பு முடித்ததும் ஓரிரு வருடம் ஒரு நீதிபதியின் அறையில் இருந்து, வழக்குக் கட்டுகளைப் படித்து, தீர்ப்பின் முதல் வரைவை எழுதிப் பழகும் வாய்ப்பு அது. திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம் கொண்ட ஸ்ரீ ஸ்ரீனிவாசன் முதலில் ஒரு மேல்முறையீட்டு நீதிபதியிடமும், பிறகு உச்ச நீதிமன்றத்தில் சாண்ட்ரா டே ஓ’கானரிடமும் கிளார்க்காக இருந்தவர். 2013-இல் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அவர் பெயர் வந்தபோது செனட்டில் 97 ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு கோர்ட் வாசலை மிதிக்காமலே வருடங்களை ஓட்டுவதுதான். 2017 டிசம்பரில் மேத்யூ பீட்டர்சன் என்பவர் செனட் நீதிக்குழு முன் உட்கார்ந்திருந்தார். தேர்தல் நிதியைக் கண்காணிக்கும் மத்திய தேர்தல் ஆணையத்தில் பல வருடம் உறுப்பினர், சட்டம் தெரிந்தவர்தான். அன்று அவருடன் இருந்த மற்ற வேட்பாளர்களையும் சேர்த்து, ‘ஒரு வழக்கையாவது தீர்ப்பு வரை நடத்தாதவர் உங்களில் யாராவது உண்டா?’ என்று செனட்டர் ஜான் கென்னடி கேட்டார். பீட்டர்சன் மட்டும் கையைத் தூக்கினார். ஜூரி முன் வாதாடியது உண்டா? இல்லை. சிவில்? இல்லை. கிரிமினல்? இல்லை. மாநில நீதிமன்றத்தில்? இல்லை. தொடர்ந்து, மோஷன் இன் லிமினே என்றால் என்ன என்று கேட்டார். ஒரு சாட்சியம் ஜூரியின் காதுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே போடும் மனு அது. விசாரணை நடத்தும் எந்த வக்கீலுக்கும் அன்றாட விஷயம். பீட்டர்சனால் விளக்க முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் விலகிக்கொண்டார். கேட்டவர் அவரை முன்மொழிந்த ஜனாதிபதியின் சொந்தக் கட்சிக்காரர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அனுபவம் என்றால் அரசு வக்கீல் வேலை அல்லது பெரிய நிறுவனம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். குற்றம் சாட்டப்பட்ட வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடியவர்கள் கெடான்ஜி பிரவுன் ஜாக்சனும் ஜேன் கெல்லியும். ஜாக்சன் இன்று உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறார். கெல்லி 2013-இல் 96-0 என்ற ஓட்டில் மேல்முறையீட்டு நீதிபதி ஆனார்.

வெள்ளை மாளிகையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதும் தவறு. டிஸ்ட்ரிக்ட் நீதிபதி விஷயத்தில் அந்தந்த மாநில செனட்டர்கள் இருவர் கையில்தான் முதல் சாவி. அவர்கள் கருத்தைக் கேட்டு செனட் நீதிக்குழு அனுப்பும் தாளை ‘நீலச் சீட்டு’ என்று சொல்வார்கள். அவர்கள் அதைத் திருப்பித் தராவிட்டால் பெயர் அங்கேயே நின்றுவிடும். பல செனட்டர்கள் தேர்வுக்குழு வைத்து விண்ணப்பமே வாங்குகிறார்கள். குடியரசுக் கட்சியின் முதல் புஷ் 1991-இல், இன்று உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் சோனியா சோட்டோமேயரை டிஸ்ட்ரிக்ட் நீதிபதியாக முன்மொழிந்தது, நியூயார்க்கின் ஜனநாயகக் கட்சி செனட்டர் மொய்னிஹன் பரிந்துரைத்ததால்.

அடுத்து, பழையதை மறைப்பது. செனட் தரும் கேள்விப் படிவம் நீங்கள் எழுதிய கட்டுரை, பேசிய மேடை, நடத்திய முக்கியமான 10 வழக்குகள் வரை எல்லாவற்றையும் கேட்கும். எஃப்.பி.ஐ. தனியாக விசாரிக்கும். 2010-இல் மேல்முறையீட்டு நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட குட்வின் லியு முதலில் கொடுத்த பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்டவை விடுபட்டிருந்தன. அவர் பிறகு சேர்த்துக் கொடுத்தும் எதிரணி அதை விடவில்லை. கருத்துகளுக்காக ஏற்கெனவே இருந்த எதிர்ப்போடு இதுவும் சேர்ந்துகொண்டது, 2011-இல் விலகினார். இன்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருப்பவர், திறமையில் குறை இல்லை. ஆகவே முதல் வருடத்திலிருந்தே ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்: வழக்கு எண், எதிர்த்தரப்பு வக்கீலின் பெயர், பேசிய இடம். இருபது வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதவே முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் எதற்கு என்றால், அவர்களிடமும் உங்களைப் பற்றி விசாரிப்பார்கள்.

சம்பளத்தை நம்பிப் போகாதீர்கள். 2025-இல் டிஸ்ட்ரிக்ட் நீதிபதிக்கு வருடம் 2,47,400 டாலர். பெரிய நிறுவனத்தின் பங்குதாரருக்கு இது பெரிய இறக்கம். வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

முன்மொழிந்த பெயர் ஒருமுறை நிறைவேறாமல் போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று சோர்ந்துவிடுகிறவர்களும் உண்டு. 1992-இல் ஜான் ராபர்ட்ஸின் பெயர் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. ஓட்டெடுப்புக்கே வராமல் காலாவதியானது. அவர் வக்கீல் தொழிலுக்குத் திரும்பி, உச்ச நீதிமன்றத்தில் வழக்கு மேல் வழக்காக வாதாடினார். 1999-இல் அதே நீதிமன்றத்துக்கு எலினா கேகனை கிளின்டன் முன்மொழிந்தார். அதுவும் அப்படியே கிடந்து காலாவதியானது. கேகன் ஹார்வர்டில் பாடம் நடத்தப் போனார். அவருக்குக் கிடைக்காத அந்த இடம் 2003-இல் ராபர்ட்ஸுக்கே கிடைத்தது. 2005-இல் ராபர்ட்ஸ் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். 2010-இல், அதற்கு முன் ஒருநாள்கூட நீதிபதியாக இருந்திராத கேகன், அவரோடு அதே மேடையில் வந்து உட்கார்ந்தார்.