கடலோர நிலத்தில் என்ன விளையும்? விதைக்கும் முன் பார்க்க வேண்டியவை

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, மண்டபம், சாயல்குடி பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "என்ன போடலாம்?" அதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். மண்ணை ஓரளவு திருத்தலாம், கிணற்றுத் தண்ணீரைத் திருத்த முடியாது.

படி 1: தண்ணீர்

கடலோர மணலில் மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கும். அதனால்தான் நம் ஊர்ப் பெண்கள் கையால் தோண்டும் ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது, பக்கத்திலேயே ஆழமாகப் போர் போட்டால் கரிக்கிறது. நானும் ஆசைப்பட்டு ஆழம் இறக்கியவன்தான். கன்றுகளின் இலை நுனி கருகிய பிறகுதான் புத்தி வந்தது.

சித்திரையில், தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டும் இ.சி. மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். தை மாத அளவு ஏமாற்றும், மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். 700 மைக்ரோசீமன்ஸுக்குள் இருந்தால் கவலை இல்லை. 3000 தாண்டினால் அந்தத் தண்ணீரை நம்பிக் காய்கறி வேண்டாம்.

படி 2: மண்

நிலத்தைச் சுற்றி நடங்கள். உமிரி என்ற உப்புச்செடி முளைத்த இடமும் வெள்ளை பூத்த இடமும் உவர், அதாவது உப்பு மிகுந்த மண். அப்புறம் ஒரு காய்ந்த மண்கட்டியை மழைத்தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் மெதுவாகப் போட்டு, அசைக்காமல் சில மணி நேரம் விடுங்கள். தண்ணீர் பால்போலக் கலங்கினால் களர், அதாவது சோடியம் மிகுந்த மண், என்று சந்தேகப்படலாம். உவர் என்றால் வரப்பு உயர்த்தி, மழைத்தண்ணீரை நிறுத்தி, உப்பை வடிக்க வேண்டும். களருக்கு ஜிப்சம் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தைக் கொட்டுபவர்கள் நிறைய.

படி 3: மாதிரி

உறுதி செய்ய மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில், வரப்பும் மரநிழலும் எருக்குவியலும் தவிர்த்து, 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து அரைக்கிலோ போதும். கார அமிலநிலை (pH) 8.5க்கு மேல் வந்தால் களர்தான்.

படி 4: வீட்டுக்கு என்ன வேண்டும்?

குண்டு மிளகாய் காசு தரும், சரி. ஆனால் பிள்ளைகள் தட்டில் மிளகாயா வைப்பது? உப்பு குறைந்த மேட்டில் இரண்டு சென்ட் ஒதுக்கிக் கீரையும் தட்டைப்பயறும் போடுங்கள். பயறு வகை பொதுவாக உப்பை அதிகம் தாங்காது, நல்ல இடம் அதற்குத்தான். சுமாரான இடத்தில் கேழ்வரகு. தண்ணீர் தேங்காத வரப்போரம் முருங்கை, அதன் கீரை வீட்டுக்கே.

சோதனைச் சீட்டு ஆவணிக்குள் கைக்கு வந்தால்தான் புரட்டாசி விதைப்புக்குள் ஏதாவது திருத்த முடியும்.